கூரையில் வெயில், குசினியில் புகை: நானாட்டானில் இரண்டு நாட்கள்



ஏப்ரல் மாதத்து நண்பகலில் உங்கள் வீட்டுக் கூரையை என்றைக்காவது நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நமக்கு ஏது நேரம்! அடுப்பில் உலை கொதிக்கும், கைப்பிள்ளை அழும், பள்ளிக்கூடம் விட்டு மற்றப் பிள்ளைகள் வந்து விடுவார்கள். நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "என்ன வெயில் இது!" என்று ஒரு வார்த்தை சொல்வதோடு நம் கவலை முடிந்துவிடும்.

நானும் அப்படித்தான் இருந்தேன். நானாட்டானுக்குப் போய் என் மாமியின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கிய பிறகுதான் கூரையைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனையை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

புகைபோக்கி தெரியும் கரையிலிருந்து

நான் இப்போது இருப்பது புத்தளத்தில். பிறந்தது மன்னார்த் தீவில். 1990 அக்டோபர் கடைசியில் வடக்கு மாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் தீவுக்காரர்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். உம்மாவின் மடியில் வந்திறங்கிய குழந்தைகளில் நானும் ஒருத்தி. கிடுகுக் கொட்டிலில்தான் என் பிள்ளைப் பருவம் கழிந்தது.

நாங்கள் வந்திறங்கிய அந்தக் கற்பிட்டிக் குடாநாட்டில்தான் நுரைச்சோலை இருக்கிறது. இலங்கையின் ஒரே நிலக்கரி மின்நிலையம் அங்கே. முதல் இயந்திரம் 2011இல் ஓடத் தொடங்கியது. 2014இல் மூன்று இயந்திரங்களும் சேர்ந்து 900 மெகாவாட் ஆயிற்று. கற்பிட்டி வீதியில் போகிறவர்கள் அதன் உயர்ந்த புகைபோக்கியைப் பார்க்காமல் போக முடியாது.

அந்தப் புகைபோக்கிக்கும் நம் வீட்டுச் சுவிட்சுக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் கேளுங்கள். ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரி எரிய வேண்டும். ஆனால் அது எரிந்து வெளியேறும் கரியமில வாயுவோ ஏறத்தாழ ஒரு கிலோ! அரைக் கிலோ எப்படி ஒரு கிலோ ஆகும் என்று கேட்பீர்கள். நிலக்கரியில் இருக்கும் கரி, காற்றில் உள்ள பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு போகிறது. அதனால்தான் எடை கூடுகிறது. பள்ளிக்கூடத்தில் காபனீரொட்சைட்டு என்று படித்தோமே, அதுதான் இது. பூமிக்கு மேலே போர்வை போலத் தங்கி, வெப்பத்தை வெளியே விடாமல் தடுப்பதும் இதுதான்.

நாட்டு மின்சாரம் முழுவதும் நிலக்கரியில் வருவதில்லை. நீர்வீழ்ச்சியும், எண்ணெயும், வெயிலும், காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நிலக்கரியின் பங்கு மூன்றில் ஒன்று அளவு. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், நம் வீட்டில் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரைக் கிலோ அளவில் கரியமில வாயு எங்கோ ஒரு புகைபோக்கியில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை மனத்தில் போட்டுக்கொண்டுதான் அன்று பஸ் ஏறினேன்.

வெயில் உச்சியில் நிற்கும் ஊர்

புத்தளத்திலிருந்து அநுராதபுரம், அங்கிருந்து மதவாச்சி, பிறகு மன்னார் வீதி. மடுவைத் தாண்டினால் காடு விலகி, வயல் தெரியத் தொடங்கும். முருங்கனில் இறங்கி ஒரு முச்சக்கர வண்டி பிடித்தால் நானாட்டான்.

மன்னார் என்றதும் கடலும் கருவாடும் பனையும்தான் பலருக்கு நினைவு வரும். நானாட்டான் பெருநிலப் பகுதியில் இருக்கிறது. நெல் விளையும் பூமி. அருவியாற்றின் தண்ணீர் கட்டுக்கரைக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து வாய்க்கால்களில் வயலுக்குப் பாய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வாடைக்கால மழைதான் ஆண்டு முழுவதற்கும் ஆதாரம். பெரும்பாலும் தமிழ்க் கத்தோலிக்கர்களும் இந்துக்களும் வாழும் பகுதி. முஸ்லிம் குடும்பங்களும் அயலில் உண்டு. போர் முடிந்த 2009க்குப் பிறகு, இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டார்கள். என் மாமியும் அப்படி வந்தவர்தான்.

நான் போனபோது அறுவடை முடிந்து, வயலெல்லாம் தாளடியாகக் கிடந்தது. வைக்கோற்போர்கள் மஞ்சள் குன்றுகள் போல நின்றன. மாடுகள் நிழலைத் தேடி அலைந்தன. ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வந்து போகும் நாட்கள். நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சோளகக் காற்று எழும்ப இன்னும் சில வாரங்கள் பிடிக்கும்; வாடைக் காற்றோ எப்போதோ ஓய்ந்துவிட்டது. இலை அசையாத காலம் அது.

மாமி என்னை முற்றத்திலேயே மறித்துக்கொண்டார்.

"உள்ளுக்கு வராத மகள், உள்ளுக்குச் சூளை. வேம்புக்குக் கீழ இரு."

வீடு தேடி வந்த விருந்தாளியை உள்ளே வராதே என்று சொல்ல எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் வரும்? மாமியின் முகத்தில் அந்தக் கூச்சம் தெரிந்தது. ஒரு நிமிடம் உள்ளே போய்ப் பார்த்தேன். இரண்டு அறை வீடு. மேலே அஸ்பெஸ்டோஸ் சீற். நடு வெயிலில் அந்தச் சீற்றின் சூடு 60 பாகை செல்சியசைத் தாண்டும். அது அப்படியே கீழே இறங்குகிறது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது கூரைச் சூட்டை வாரி நம் தலையில் கொட்டியதே தவிர, குளிர்ச்சி தரவில்லை.

"பகலைக்கு எல்லாரும் வேம்புக்குக் கீழதான். ராவைக்குப் பன்னிரண்டு மணி போனாத்தான் வீட்டுக்குள்ள படுக்கலாம்" என்றார் மாமி.

அந்தக் கிடுகும் இந்தச் சீற்றும்

"பழைய ஓலை வீடு எவ்வளவு குளிர்ச்சி!" என்று பலர் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். உண்மைதான். பனையோலையால் அடர்த்தியாக வேய்ந்த கூரை, மண்சுவர், தாழ்ந்த தாழ்வாரம், முன்னால் திண்ணை. வெயில் சுவரைத் தொடாது. ஓலையின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் காற்று, சூட்டை உள்ளே விடாது. மின்சாரமே இல்லாத குளிர்சாதனம் அது.

ஆனால் சகோதரிகளே, ஓலைக் கூரையைப் புகழ்கிறவர்களில் எத்தனை பேர் அதன் கீழே மழைக்காலம் கழித்திருப்பார்கள்? நான் கழித்திருக்கிறேன். ஒழுகும் இடத்துக்கெல்லாம் சட்டி வைத்து, நனையாத மூலையில் தம்பியைப் படுக்கவைத்த இரவுகளை மறக்க முடியாது. ஓலையை அடிக்கடி மாற்ற வேண்டும். அதற்குக் காசு வேண்டும், ஆள் வேண்டும். ஒரு நெருப்புப் பொறி போதும், எல்லாம் சாம்பல். ஆகவே மாமி சீற் போட்டதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒழுகாத கூரை கிடைத்ததே என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். சூடு என்பது பிறகு தெரிந்த கணக்கு.

அடுத்த வளவில் ஒரு புது வீடு. மாமியின் உறவுக்காரப் பையன் கட்டாரில் உழைத்து அனுப்பிய காசில் எழும்பியது. மேலே தட்டையான கொங்கிறீட் சிலாப்; வெளியே நீட்டிய தாழ்வாரம் கிடையாது; கண்ணாடி பதித்த பெரிய ஜன்னல்கள், அவையும் எந்த நேரமும் பூட்டியபடி; இரண்டு அறைக்கு ஏ.சி. பார்க்க அழகுதான். வீட்டுக்காரப் பிள்ளை என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ராவையில சுவரே சுடுது மாமி. ஏ.சி. போடாமப் படுக்கவே ஏலாது. பில்லைப் பார்த்தாத் தூக்கம் வராது."

காரணம் எளிதானது. கொங்கிறீட் பகல் முழுவதும் சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். நாம் படுக்கப் போகும் நேரத்தில் அதைத் திருப்பிக் கக்கும். ஒரு சிறிய ஏ.சி. ஓர் இரவுக்கு ஐந்தாறு யூனிட் எடுக்கும். மாதத்துக்கு 150 யூனிட்டுக்கு மேல். மாமியின் வீடு முழுவதும் செலவழிப்பதைவிட அது பல மடங்கு.

கட்டாரில் வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓயாமல் ஓடும். அது எண்ணெயும் எரிவாயுவும் விளையும் நாடு. ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 30 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியிடும் நாடு. இலங்கையில் அது ஓர் ஆளுக்கு ஒரு டன் அளவுதான். நம் பிள்ளைகள் அங்கே போய்க் காசைக் கொண்டு வருவது நல்லது. ஆனால் அங்குள்ள வீட்டின் வடிவத்தையும் சேர்த்துக் கொண்டு வந்துவிடுகிறார்களே, அதுதான் நமக்குக் கட்டுபடியாகாது.

குசினிக்குள்ளே ஒரு காட்சி

மாலையில் மாமி அடுப்பு மூட்டினார். வீட்டோடு ஒட்டிய சிறு குசினி. மூன்று கல் அடுப்பு. காய்ந்த பனை மட்டை, உடை மரத்து விறகு, தேங்காய்ச் சிரட்டை. ஊதுகுழலை வைத்து ஊத ஊத, புகை மேலே எழும்பி, போக வழியில்லாமல் திரும்பவும் கீழே இறங்கியது. பேரப்பிள்ளை மாமியின் மடியில் இருந்தபடி இருமினான். மாமியின் கண்கள் சிவந்து நீர் வழிந்தது.

"முப்பது வருசமாப் பழகிப்போச்சு மகள்" என்றார் மாமி.

கண்ணும் நெஞ்சும் பழகுமா, சகோதரிகளே? வீட்டுக்குள் அடுப்புப் புகையைச் சுவாசிப்பதால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்பருகே அதிக நேரம் நிற்பது பெண்கள். அவர்கள் மடியில் இருப்பது குழந்தைகள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான வீடுகள் விறகில்தான் சமைத்தன. அப்படியானால் இது மாமி ஒருவரின் கதையா?

விறகு மரத்திலிருந்து வந்தது, வெட்டிய மரம் திரும்ப வளர்ந்தால் அந்தக் கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மூன்று கல் அடுப்பில் விறகு முழுதாக எரிவதில்லை. எரியாத மிச்சம் கரும்புகையாகவும் வேறு வாயுக்களாகவும் வெளியேறுகிறது. அந்தக் கரும்புகை நெஞ்சையும் கெடுக்கிறது, பூமியையும் சூடாக்குகிறது.

அப்படியானால் கேஸ் அடுப்பு? 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடிந்தால் ஏறத்தாழ 37 கிலோ கரியமில வாயு. ஆண்டுக்கு எட்டுச் சிலிண்டர் என்றாலும் 300 கிலோதான். கட்டார்வாசி ஒருவருடைய கணக்கில் அது நாலு நாளுக்கும் போதாது! ஆகவே நான் ஒன்றை உரத்துச் சொல்ல விரும்புகிறேன். பூமியைக் காப்பாற்றுவதற்காக ஓர் ஏழைப் பெண் புகையில் இரும வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேஸுக்கு மாற வசதி உள்ளவர்கள் தயங்காமல் மாறலாம்.

ஆனால் கேஸை மட்டும் நம்பியிருப்பதும் எவ்வளவு ஆபத்து என்பதை 2022 நமக்குக் கற்றுத் தந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு சிலிண்டரின் விலை 4,800 ரூபாவைத் தாண்டியது. காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்ற பெண்களில் நானும் ஒருத்தி. கொல்லைப்புறத்தில் கைவிட்டுக் கிடந்த மூன்று கல்லைத்தான் திரும்பவும் கூட்டினோம். அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. பிறகு சில தடவை குறைந்தாலும், அந்தப் பயம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை.

கையில் இருப்பதைக் கொண்டு

இரவு முற்றத்தில் பாய் விரித்து, மாமியும் நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அயல்வீட்டு மேரியக்காவுமாகப் பேசிக்கொண்டிருந்தோம். "குறை சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? செய்யக்கூடியது என்ன?" என்று தொடங்கிய பேச்சு நள்ளிரவு வரை நீண்டது. அன்று பேசியதையும், அதன் பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கூரை. இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2010 மே மாதம் கடும் வெப்ப அலை அடித்துப் பலர் இறந்தார்கள். அதன் பின் 2013இல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு திட்டம் வகுத்தது. ஏழைக் குடியிருப்புகளில் கூரைக்கு வெள்ளை பூசுவது அங்கே பரவலாயிற்று. அதில் முன்னால் நின்றவர்கள் பெண்கள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வீட்டுக்குள் இரண்டு முதல் ஐந்து பாகை வரை சூடு குறையும். தெலங்கானா மாநிலம் 2023இல் இதற்கென்று ஒரு கொள்கையே கொண்டு வந்தது. வசதி இல்லாதவர்கள் சுண்ணாம்பு பூசினாலும் போதும். மழையில் கரையும் என்பதால் ஆண்டுதோறும் மாசிக்குப் பிறகு ஒரு முறை பூச வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அஸ்பெஸ்டோஸ் சீற்றைக் காய்ந்த தூரிகையால் தேய்க்கவோ, சுரண்டவோ, துளைக்கவோ கூடாது. அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு மெதுவாகப் பூச வேண்டும். சீற்றின் மேல் ஏறி நிற்கவும் கூடாது. உடைந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பலகை போட்டு, பழக்கமுள்ளவர்களைக் கொண்டு செய்யுங்கள்.

இரண்டாவது, கூரைக்குக் கீழே ஒரு மறைப்பு. மன்னார்ப் பெண்களுக்குப் பன்னவேலை கைவந்த கலை. பனையோலையில் பாயும் பெட்டியும் இழைப்பவர்கள், அதே பாயைப் படுக்கை அறைக்கு மேல் விதானமாகக் கட்டினால், சீற்றின் அனல் நேரே உடம்பில் படாது. மின்கம்பிகளை விட்டு விலக்கிக் கட்ட வேண்டும். குசினிக்குள் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, மேற்கே ஒரு மரம். பின்னேர வெயில்தான் சுவரைச் சுட்டு இரவைக் கெடுக்கிறது. மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்போ பூவரசோ நட்டால் சில ஆண்டுகளில் சுவருக்குக் குடை பிடிக்கும்.

நான்காவது, அடுப்பு. இலங்கையில் 'அனகி' என்று ஒரு களிமண் அடுப்பு உண்டு. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானை வேகும். 1980களில் உருவாகி, குயவர்கள் கையால் நாடெங்கும் பரவியது. சுற்றிவரக் களிமண் அப்பிப் பதித்துவிட்டால், மூன்று கல் அடுப்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சம். புகையும் குறையும். அதோடு அடுப்புக்கு நேரே மேலே கூரையில் ஒரு திறப்பு விட்டு, மழை விழாதபடி மூடி வைத்தால், புகை வெளியே போக வழி பிறக்கும். விறகை நன்றாகக் காயவைத்துச் சிறு துண்டாக்கி எரிப்பதும் புகையைக் குறைக்கும்.

ஐந்தாவது, வைக்கோல் பெட்டி. இது மேரியக்காவுக்கு மிகவும் பிடித்துப்போனது. நானாட்டானில் வைக்கோலுக்குப் பஞ்சமா? ஒரு பெரிய பெட்டியில் சுற்றிவரவும் அடியிலும் வைக்கோலை இறுக்கி, நடுவில் பானை இருக்கும்படி குழி விடுங்கள். அரிசியைப் போதிய தண்ணீரோடு பத்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடியோடு இறக்கி, துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு வைக்கோல் தலையணையால் அமுக்கி விடுங்கள். ஒரு மணி நேரத்தில் சோறு தானாக வெந்திருக்கும். பயறு, கடலையை முதல்நாளே ஊறவைத்து இப்படிச் செய்தால் விறகும் கேஸும் பாதி மிச்சம். நோன்பு காலத்தில் அஸருக்கு இறக்கிய கஞ்சி, நோன்பு திறக்கும்வரை சூடாகவே இருக்கும். இறைச்சிக் கறியை மட்டும் பரிமாறும் முன் இன்னொரு கொதி கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பில்லைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள்

மின்சாரக் கணக்கையும் அன்று போட்டுப் பார்த்தோம். சாதாரண மின்விசிறி 75 வாட். இரண்டு விசிறி தினமும் 12 மணி நேரம் சுற்றினால் மாதம் 54 யூனிட். இப்போது கடைகளில் பி.எல்.டி.சி. என்று 30 வாட்டில் அதே காற்றுத் தரும் விசிறி வந்திருக்கிறது. அதில் அதே வேலைக்கு 22 யூனிட்தான். விலை கூடத்தான். ஆனால் மாதம் 32 யூனிட் மிச்சம் என்பது, ஆண்டுக்கு 190 கிலோ கரியமில வாயு மிச்சம்.

60 வாட் குண்டு பல்பு ஐந்து, தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 45 யூனிட். 9 வாட் எல்.இ.டி. என்றால் ஏழு யூனிட்கூட இல்லை.

மாதம் 60 யூனிட் என்ற எல்லைக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலைப்பட்டியலுக்குப் போய்விடுவோம். நாலைந்து யூனிட்டை அடக்கினால் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியும்.

நேரமும் முக்கியம். மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை நாட்டில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் எல்லாம் எரியும். அப்போதுதான் எண்ணெய் எரிக்கும் மின்நிலையங்களை ஓட்ட வேண்டி வருகிறது. பகலிலோ வெயில் மின்சாரம் பெருகிக் கிடக்கிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் தேவையைவிட உற்பத்தி கூடிப்போகும் என்று, கூரையில் சூரியத் தகடு வைத்திருந்தவர்களை அதை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது! ஆகவே இஸ்திரி போடுவதையும் தண்ணீர் இறைப்பதையும் பகலில் முடித்துவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எல்லா உடுப்பையும் சேர்த்து இஸ்திரி போடுங்கள்.

இவையெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். பெரிய விஷயம் ஒன்று உண்டு. அது வீடு கட்டும் நாளில் எடுக்கும் முடிவு. விசிறியை நாளைக்கு மாற்றலாம். கூரையை நாற்பது வருடத்துக்கு மாற்ற முடியாது. மகனோ கணவரோ வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும்போது, வரைபடம் கீறுகிறவரிடம் நாமும் வாய் திறந்து கேட்க வேண்டும். நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். ஜன்னலுக்கு எதிரே ஜன்னல் இருக்கட்டும். வைகாசியில் எழும்பும் சோளகம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகட்டும். ஓட்டுக் கூரையும் அகன்ற தாழ்வாரமும் இருக்கட்டும். சிலாப்தான் வேண்டும் என்றால் மேலே வெள்ளை பூசட்டும். குசினிக்குப் புகைபோக்கி இருக்கட்டும். வீட்டில் அதிக நேரம் இருக்கப் போவது நாம்தானே? நம்மைக் கேட்காமல் நமக்கு வீடா?

காற்றாடிக் கோபுரங்களின் கீழே

மறுநாள் மாலை மன்னார்த் தீவுக்குப் போனேன். பிறந்த மண்ணைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. தீவின் தென்கரையில், நடுக்குடாப் பக்கம், வெள்ளைக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. மொத்தம் 30. 'தம்பபவனி' என்று பெயர். 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 100 மெகாவாட். புகையில்லை, சாம்பலில்லை.

நான் போன அன்று அவை மிக மெதுவாகச் சுற்றின. சில அசையவே இல்லை. சோளகம் எழும்பினால்தான் அவற்றுக்கு முழு வேலை. நமக்கு விசிறி அதிகம் தேவைப்படும் மாதத்தில் காற்றாடிக்குக் காற்று இல்லை! காற்றையும் வெயிலையும் மழையையும் நம்பும் மின்சாரம் இப்படித்தான். ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று கைகொடுக்க வேண்டும்; எல்லாம் ஓய்ந்தால் நுரைச்சோலைதான்.

மேலும் கோபுரங்கள் எழுப்பும் பேச்சு எழுந்தபோது தீவு மக்கள் எதிர்த்தார்கள். 2025 ஆகஸ்டில் மன்னாரில் பெரிய போராட்டமே நடந்தது. வெள்ளம் வடியாது என்ற பயம், மீன்பிடி கெடும் என்ற பயம், வலசை வரும் பறவைகள் அடிபடும் என்ற கவலை. வங்காலைச் சரணாலயத்துக்கு ஆண்டுதோறும் பூநாரைகள் வரும் வழி அல்லவா இது! தூய மின்சாரம் நாட்டுக்கெல்லாம் வேண்டும்; ஆனால் அதன் சுமையை ஒரு சிறு தீவே தாங்க வேண்டுமா என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

அந்தக் கரையில் நின்றபோது எனக்கு ஒன்று புரிந்தது. நிலக்கரிக்கு ஒரு விலை, எண்ணெய்க்கு ஒரு விலை, காற்றுக்கும் ஒரு விலை. யாருக்கும் பாரமில்லாத ஒரே யூனிட், நாம் செலவழிக்காமல் விட்ட யூனிட்தான். வீண்விரயம் கூடாது என்று சிறு வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஒளுச் செய்யும் தண்ணீருக்கே கணக்குப் பார்க்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்த நாம், சுவிட்சைப் போடும்போதும் அதை நினைத்துக்கொள்ளலாமே!

சகோதரிகளே, ஏழை வீட்டின் புகையால் உலகம் சூடாகவில்லை. மாமியின் வீட்டுக் கணக்கு உலகக் கணக்கில் ஒரு தூசு. ஆனால் அந்தச் சூடு முதலில் வந்து இறங்குவது மாமியின் கூரையில்தான். ஆகவே நாம் கூரையை வெளுப்பதும், அடுப்பைத் திருத்துவதும் முதலில் நமக்காக, நம் பிள்ளைகளின் நெஞ்சுக்காக. பூமிக்குக் கிடைக்கும் நன்மை அதோடு கூட வருவது.

புத்தளம் திரும்பிச் சில வாரங்கள் கழித்து, ஒரு நாள் மத்தியானம் மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். கூரைக்குச் சுண்ணாம்பு பூசியாயிற்றாம். படுக்கை அறைக்கு மேலே பனையோலைப் பாயும் கட்டியாயிற்றாம். மேரியக்கா வைக்கோல் பெட்டியில் சோறு வடிக்காமலே ஆக்குகிறாராம்.

"வெயில் எப்படி மாமி? வேம்புக்குக் கீழயா இருக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"இல்ல மகள்," என்றார் மாமி, "உள்ளுக்கு இருந்துதான் கதைக்கிறன்."